இருபத்தோராம் பாகம்

மூன்று பிரதி எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை விளக்கு வைக்குமுன் மூன்றும் போய்விட்டன.
திங்கள் காலை முதலாவது திரும்பி வந்தது;
மேசையில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது
யோகநாயகம் சேருக்குப் பிடிக்கவில்லை.

"ஆறாம் பாகத்தோட இந்த மனிசன்
பேனையை மூடியிருக்க வேணும்."
பதினைந்து பாகமாக இதையேதான் சொல்கிறார்.
அடுத்தது எப்ப வரும் என்று
படியில் பாதி இறங்கியபின் கேட்பார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
டொக்டர் திலகரூபி. பிரேதப் பரிசோதகர்.
வயது நாற்பத்திரண்டு,
முதலாம் பாகத்திலும் அதே நாற்பத்திரண்டு.
கோப்பியை ஆறவிட்டுத்தான் குடிப்பாள்.
எலும்போடு பேசுவாள்.
கடைசிக்கு முந்தின அத்தியாயத்துக்குள்
எலும்பும் பதில் சொல்லிவிடும்.

மருதமுனை ஜெஸீமா ராத்தாவுக்கு
எலும்பில் அக்கறை இல்லை.
"நல்ல புருசன் வீட்டில இரிக்க
அந்தப் பொலிஸ்காரனோட என்னத்துக்கு கா இவ?"
கொலைகாரனை முப்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிடுவாவாம்.
தறியில் ஒரு நூல் மட்டும்
விறைச்சுக்கொண்டு நிக்குமே, அப்படி.

ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் நிற்கும் சதாநந்தன்
பென்சிலோடு வாசிப்பவன்.
கடைப் புத்தகத்தில் எழுதாதே என்று சொல்லி
எனக்கே அலுத்துவிட்டது.
ஒன்பதாம் பாகம், பக்கம் 58: மணம் இப்படி இருக்காது.
பன்னிரண்டு, பக்கம் 112: இவ்வளவு வெளிச்சம் எங்களுக்கு ஆர் தந்தது?
அதே பாகம், பக்கம் 140: கையுறை மாத்தாம மறுகா போனைத் தொடுறா.
பதினேழில், மரபணு முடிவு
ஒரே இரவில் வந்து சேரும் இடத்தில்
ஒன்றும் எழுதவில்லை.
பல் தெரியச் சிரிக்கும் ஒரு முகம்.

இப்போது பலருக்குக் கதையை விட ஓரம்தான் வேண்டும்.
சதாநந்தன் வாசித்த பிரதி கேட்டு
எருவிலில் இருந்து ஒரு பொடியன்
இரண்டு கிழமை அலைந்தான்.
யோகநாயகம் சேர், சும்மா இருப்பாரா,
அந்தக் குறிப்புகளுக்குக் கீழே சிவப்பு மையால்
எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறார்.

புவனலோஜினி பிரதேச செயலகத்தில் வேலை.
ஒரு பாகம் விட்டதில்லை.
நல்லது கெட்டது சொன்னதும் இல்லை.
புதுப் பிரதிதான் எடுப்பாள்;
திருப்பித் தரும்போது முன் தாள்களின் விளிம்பு
அச்சகத்தில் ஒட்டியபடியே இருக்கும்,
கடைசிக்கு முந்தின அத்தியாயம் மட்டும் தளர்ந்திருக்கும்.
ஒருநாள் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.
"செஞ்சது ஆரெண்டு எனக்கு வேணாம் அண்ணன்.
செத்தது ஆரெண்டு தெரிஞ்சாக் காணும்."

இந்த இருபத்தொன்றில்தான்
எழுதுகிறவருக்கு என்ன பிடித்ததோ,
எலும்பு பதில் சொல்லவில்லை.
திலகரூபி பெட்டியை மூடி
இலக்கம் மட்டும் எழுதி, விளக்கை அணைத்துவிட்டு
வீட்டுக்குப் போகிறாள்.
பொலிஸ்காரனிடம் இல்லை, புருசனிடம்.
ஜெஸீமா ராத்தாவுக்கு வலு சந்தோசம்.
"இதுதான் இரிக்கிறதுக்குள்ள திறம்."
அந்தப் பிரதி அடுத்து சதாநந்தனிடம் போய்
ஐந்தாம் நாள் வந்தது.
ஓரங்கள் எல்லாம் வெறும் வெள்ளை.
கடைசிப் பக்கத்தில் மட்டும், அழுத்தாமல்: சரி.

நான் பதினெட்டோடு நிறுத்தியிருந்தேன்.
கீழே தையல்கடை மெசின் ஓயும்வரை இருந்து
நேற்றிரவு இதை முடித்தேன்.
நல்லதா என்று கேட்டால், தெரியாது.
ஓந்தாச்சிமடம் தாண்டும்வரை
சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன்.

மூன்றாவது பிரதி இன்னும் வரவில்லை.
இன்றோடு பதினாறு நாள் பிந்திவிட்டது.
தண்டம் நாளுக்கு ஐந்து ரூபாய்;
கொப்பியில் அவள் பெயருக்கு நேரே
நான் ஒன்றும் எழுதவில்லை.

இன்று காலை யோகநாயகம் சேர் மறுபடி ஏறி வந்தார்,
மூச்சு வாங்க.
"தம்பி, நான் கொண்டுபோனதில ஒரு தாள் குறையுது.
பேர் வர்ற தாள்."
எண்ணிக் காட்டினேன்.
இருநூற்று எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.
ஜெஸீமா ராத்தாவின் பிரதியையும் எடுத்து
எச்சில் தொட்டு எண்ணினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மற்றது ஆரிட்ட?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தார்.
"அது வரட்டும்" என்றார்,
"அதில இருக்கும்."